மழைக்காலச் சளிக்காய்ச்சல்: முதன்முதலாக வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

நாங்கள் சென்னையில் தனிக்குடித்தனம் வந்த முதல் ஐப்பசியில் என் மகளுக்குப் பதினான்கு மாதம். மூன்று நாளாக மூக்கொழுகல், இரவில் காய்ச்சல். நான் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். 102 காட்டினால் அழுகை, 99 காட்டினால் நிம்மதி. மாடி வீட்டு அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து குழந்தையின் நெற்றியைத் தொடவேயில்லை. சட்டையை மேலே தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தையும் குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போனதும் சொன்னார்: "முப்பத்தாறு. இன்னிக்கு ராத்திரி வீட்டுலயே பாத்துக்கலாம்மா. நாப்பதுக்கு வந்துட்டா என்னை எழுப்பு."

"காய்ச்சல் 102 இருக்கேக்கா?"

"காய்ச்சல் உடம்பு தன்னைக் காப்பாத்திக்கப் பண்ற வேலை. நீ மூச்சைப் பாரு."

அன்றிரவு நான் நாலு முறை எண்ணினேன். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. மாமனாருக்கு ஆஸ்துமா, கணவருக்கு ஃப்ளூ, இரண்டாவது குழந்தைக்கு மாதம் ஒரு சளி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊரில் பெரியவர்கள் துணையில்லாமல், கைக்குழந்தையோடோ வயதானவரோடோ முதன்முதலாக ஒரு மழைக்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சளிக்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பு தானே தேறும். அது தேறுகிறதா, வழி தவறுகிறதா என்று கூட இருந்து கவனிப்பதுதான் நம் வேலை.

முதலில், வந்திருப்பது எது?

ஜலதோஷம், நீர்க்கோப்பு, தடுமன் என்று ஊருக்கு ஒரு பெயரில் அழைக்கும் சாதாரணச் சளியை உண்டாக்க 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ரைனோவைரஸ் வகைதான் அதிகம். தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, மூக்கொழுகி, மூக்கடைத்து, பிறகு இருமலாகி, ஏழிலிருந்து பத்து நாளில் போகும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரலாம். சின்னக் குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு முறை வந்தால்கூட அது இயல்புதான். ப்ளே ஸ்கூலில் சேர்த்த முதல் ஆண்டில் "என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையோ" என்று கலங்காத தாய் இல்லை. இத்தனை வைரஸ்களையும் குழந்தை ஒவ்வொன்றாகச் சந்தித்துப் பழக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளூயன்சா, வேறு ஆள். அது சொல்லிக்கொண்டு வராது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் குளிர் நடுக்கம், மேல்வலி, தலைவலி என்று சுருண்டு படுப்பார். மூக்கொழுகல் குறைவாகவும் அசதி அதிகமாகவும் இருக்கும். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று நாடே நடுங்கிய அந்த எச்1என்1 வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இன்று ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ வகைகளில் ஒன்றாகிவிட்டது. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் "வெறும் ஃப்ளூதானே" என்று தள்ளிவிடக் கூடாது. 1918-ல் பம்பாயில் நுழைந்து ரயில் வழியே நாடெங்கும் பரவிய ஃப்ளூ, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் பின்னால் தொடர்ந்த நிமோனியாவில்தான் இறந்தார்கள். நாம் மூச்சைக் கவனிப்பதும் அந்த நிமோனியாவை முன்கூட்டியே பிடிக்கத்தான்.

தமிழ்நாட்டில் மூன்றாவதாக ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபர், நவம்பரில், சென்னைப் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்கு வருகிறது. டெங்கு பரவுவதும் அதே மாதங்களில்தான். மூக்கொழுகல், இருமல் எதுவும் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி என்றால் அது டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணி இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். சளிக்காய்ச்சலில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சுருண்டு கிடக்கும் சோர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் காத்திருக்கக் கூடாது.

மழைக்கு முன்னால் செய்து வைக்க வேண்டியவை

ஆவணி முடிவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. மழை கொட்டும் இரவு பதினொரு மணிக்குத் தெர்மாமீட்டர் தேடி அலைவதைப்போல் கொடுமை இல்லை.

ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். அதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால் (பெரியவர்களுக்கு மாத்திரை, குழந்தைக்கு அதன் எடைக்கேற்ற சிரப்), மில்லிலிட்டர் கோடு போட்ட ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று, மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து, சில முகக்கவசங்கள், ஒரு சின்ன நோட்டு, பேனா. வயதானவர் இருக்கும் வீட்டில், விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உறையில் எத்தனை தண்ணீரில் கலக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மி.லி. பெரிய பாக்கெட்டில் பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்குவது குழந்தைக்கு ஆபத்து.

நோட்டின் முதல் பக்கத்தில் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் எடை, ஒவ்வாமை, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பதற்றத்தில் தெரிந்த எண்கூட மறந்துபோகும்.

அடுத்தது தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். எந்த வகைகளை அதில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் முடிவு செய்கிறது. ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே அக்டோபர் மழைக்குச் செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாருக்கும் இது அவசியம் என்பேன். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முதலாகப் போடும்போது மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. தேசிய இலவச அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. கர்ப்பிணிகள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை. குழந்தையின் அட்டையை எடுத்து அது விட்டுப்போயிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். ஆனாலும் வந்தது ஆஸ்பத்திரி வரைக்கும் போகாமல் காப்பாற்றும். என் மாமனாருக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு இளைப்பு முற்றி நள்ளிரவில் ஓடுவது நின்றது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை.

முதல் நாள்

நோட்டில் தேதி, நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் போனதா என்று ஆறு விஷயம் எழுதத் தொடங்குங்கள். கணவனும் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்த நோட்டு இல்லாவிட்டால் ஒரே மருந்தை இருவரும் கொடுத்துவிடுவார்கள். டாக்டரிடம் போகும்போது "ரெண்டு நாளா இருக்கு டாக்டர்" என்று இழுப்பதற்குப் பதில் நோட்டை நீட்டினால் போதும்.

தெர்மாமீட்டரில் 100.4 தாண்டினால்தான் காய்ச்சல். அக்குளில் வைத்தால் சற்றுக் குறைவாகவே காட்டும். மூன்று மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு 100.4 வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், பாராசிட்டமாலும் வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

பாராசிட்டமாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் ஒரு முறை பெரிய தவறு செய்யப் பார்த்தேன். வழக்கமாகச் சிரப் கொடுப்போம். ஒருநாள் கடையில் அதே பெயருள்ள சொட்டு மருந்துப் பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். பாட்டில் சின்னது, பெயர் ஒன்றே. நான் வழக்கம்போல் சிரப் அளவையே சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். வாய் அருகே கொண்டுபோனபோதுதான் உறையில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

குழந்தைக்கு அளவு வயதை வைத்துக் கிடையாது, எடையை வைத்துத்தான். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் என்று எழுதிய சிரப்பில் அது 2 முதல் 3 மி.லி. 5 மி.லி.யில் 120 அல்லது 125 என்று எழுதிய சிரப்பில் ஏறக்குறைய 5 மி.லி. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதனால் 1 முதல் 1.5 மி.லி.தான். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். மூன்று மடங்குக்கும் மேல்! ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் கூடாது.

பெரியவர்களுக்கு 650 மாத்திரை ஒன்று, அதே இடைவெளி, அதே நாலு முறை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. சளிக்கென்று விற்கும் கலப்பு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் தங்களை அறியாமல் இரட்டை அளவு சாப்பிடுகிறார்கள். அந்தக் கலப்பில் இருக்கும் மூக்கடைப்பு மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம், அவை இரத்தக்கசிவைக் கூட்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

காய்ச்சலை 98.4-க்கு இறக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளை சோர்ந்து, வலியில் அழுதால் கொடுங்கள். 101 இருந்தும் விளையாடுகிறது, பால் குடிக்கிறது என்றால் மருந்து அவசரமில்லை. கம்பளியைச் சுற்றி வேர்க்க வைப்பதும், ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணி போட்டு மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

பசிக்காவிட்டால் சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். தண்ணீர்ச்சத்து மட்டும் குறையக் கூடாது. கஞ்சித் தண்ணி, மிளகு ரசம், இளநீர், மோர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மூக்கடைத்திருந்தால் உறிஞ்ச முடியாமல் அழும். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் இரண்டு மூக்கிலும் உப்புநீர்ச் சொட்டு இரண்டிரண்டு விட்டு, இளகி வருவதை மெல்லிய துணியால் துடைத்து எடுங்கள்.

மூச்சு எண்ணுவது எப்படி?

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்குத் தப்பும். சட்டையை நெஞ்சுவரை தூக்குங்கள். வயிறு ஒரு முறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து முழு 60 வினாடியும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம், குழந்தைகள் சீராக மூச்சு விடமாட்டார்கள். காய்ச்சல் ஏறியிருக்கும்போது மூச்சும் சற்று வேகமாகத்தான் ஓடும். எண்ணிக்கை அதிகமாக வந்தால் காய்ச்சல் இறங்கியதும் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அது நெஞ்சிலிருந்து வரும் எச்சரிக்கை.

உலக சுகாதார நிறுவனம் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. ஸ்டெதாஸ்கோப்போ எக்ஸ்ரேயோ இல்லாத இடத்திலும் நிமோனியாவைச் சந்தேகிக்க இந்த எண் போதும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடம் குழிவிழுந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மூக்குத் துவாரம் விரிவதும், மூச்சை விடும்போது முனகல் கேட்பதும் அதே அளவு ஆபத்து.

பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது 12 முதல் 20 வரை இருக்கும். 24-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், 30 வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிமீட்டர் வைப்பதற்கு முன் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், எண் நிலைக்க ஒரு நிமிடம் பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவர், 90-க்குக் கீழே அவசரம்.

பாட்டி வைத்தியத்தில் வைத்துக்கொள்ளவும் விட்டுவிடவும்

கைவைத்தியத்தை நான் வெறுப்பவள் அல்ல. மூக்கடைத்த நேரத்தில் தூதுவளை ரசம் தொண்டையில் இறங்கும் சுகம் எந்த மாத்திரையிலும் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப்போட்டு, பனங்கற்கண்டு சேர்த்த கஷாயம் பெரியவர்களுக்கு இதம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும், கடையில் வாங்கும் சிரப்பைவிட நல்லது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் நல்லது.

நிலவேம்புக் குடிநீர் அரசு மருத்துவமனைகளிலேயே கொடுக்கிறார்கள். விரும்புகிற பெரியவர்கள் குடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதைக் குடித்துவிட்டோமே என்று டெங்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சற்று நேரம் இளக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் பாத்திரத்தை மேஜையில் உறுதியாக வைத்துப் பிடிக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் வைப்பதை நிறுத்திவிடுங்கள். அதில் சாய்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

குழந்தையைக் குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விடுவதும், சளியை எடுக்க வாயால் ஊதுவதும் நம் ஊர்களில் பரம்பரையாக வருகிறது. அன்போடு செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது, அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். பாட்டியிடம் சண்டை போடாமல், "டாக்டர் வேணாம்னுட்டாரு பாட்டி, நீங்க உள்ளங்கால்ல தேச்சு விடுங்க" என்று வேறு வேலை கொடுத்துவிடுங்கள். கற்பூரமும் கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. உள்ளே போனால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் சளி பிடித்த நெஞ்சுக்குப் பகை. கொசுவுக்கு வலையைக் கட்டுங்கள்.

வாழைப்பழம், தயிர், தலைக்குக் குளிப்பது ஆகியவற்றால் சளி வருவதில்லை, இன்னொருவரிடமிருந்து வைரஸ் வந்தால்தான் வரும். இருக்கிற சளியில் குளிர்ந்த தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாலு நாள் விட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குப் பழத்தையும் பாலையும் நிறுத்திப் பத்தியம் என்று மெலிய விடாதீர்கள்.

மெடிக்கலில் கேட்கக் கூடாதவை

"சளிக்கு மூணு நாள் மாத்திரை குடுங்க" என்று கேட்டால் பல கடைகளில் ஆண்டிபயாடிக் கைக்கு வந்துவிடுகிறது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. சளி, ஃப்ளூ வைரஸ்களை அது தொடாது. மூன்றாம் நாள் உடம்பு தானே தேறத் தொடங்கும், பெயர் மாத்திரைக்குப் போய்விடும். அடுத்த முறையும் அதையே கேட்போம். இப்படிப் பழகிய உடம்பில் நாளைக்கு உண்மையான நிமோனியா வரும்போது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக வரும். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் ஆண்டிபயாடிக் தேவை என்பதும் சரியல்ல. நம் வெள்ளை அணுக்கள் சண்டையிடும்போது வெளிவிடும் பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது.

இருமல் சிரப் விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பானவள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அந்தத் தாய்மாரெல்லாம் நம்மைப்போல் ஒரு சாதாரணச் சளிக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்பது அப்போது மத்திய அரசு நினைவூட்டிய அறிவுரை. நல்ல சிரப்பாக இருந்தாலும் அந்த வயதில் பலன் இல்லை, மயக்கம்தான் மிச்சம். பாட்டி காலத்துக் கற்பூரவள்ளிச் சாறும் தேனும் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் போதும்.

மூக்கடைப்பை உடனே திறந்துவிடும் மருந்துச் சொட்டுகளை (உப்புநீர்ச் சொட்டு அல்ல) பெரியவர்களும் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் விடக் கூடாது. மேலே போனால் மருந்து விடாதபோதெல்லாம் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

ஃப்ளூவுக்கு மட்டும் ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன். வீட்டில் கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாக்காரர் யாருக்காவது ஃப்ளூ போல் தெரிந்தால், "ரெண்டு நாள் பாப்போம்" என்று இருக்காதீர்கள். முதல் நாளே மருத்துவரிடம் போய் அவர் சொன்னால் சாப்பிடட்டும்.

வீட்டில் மற்றவர்களுக்கு

ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். பிறகும் ஐந்தாறு நாள் பரப்புவார். ஆகவே முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். இரண்டு அறை வீட்டில் தனிமைப்படுத்துவது எப்படி என்று கேட்பார்கள். நோயாளி ஜன்னல் பக்கம் படுக்கட்டும். மழைச் சாரல் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரே அறையில் எல்லாரும் மூச்சு விடுவதுதான் பெரிய தவறு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று குறுக்கே ஓட விடுங்கள். பக்கத்தில் போகிறவரும் நோயாளியும் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம்.

சோப்புப் போட்டு இருபது வினாடி கை கழுவுங்கள், முக்கியமாக மூக்கைத் துடைத்துவிட்ட பிறகு. கதவுக் கைப்பிடி, ரிமோட், கைபேசி போன்ற வழவழப்பான பரப்பில் ஃப்ளூ வைரஸ் ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். துண்டும் டம்ளரும் தனித்தனி. இருமும்போது முழங்கை மடிப்பில் இருமச் சொல்லிக் கொடுத்தால் நாலு வயதுப் பிள்ளைகூடப் பழகிவிடும்.

எப்போது கிளம்ப வேண்டும்?

இந்தப் பகுதியை நோட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

- மேலே சொன்ன வேக மூச்சு, விலாக் குழிவு, முனகல், உதடோ நாக்கோ நீலம்பாய்தல்
- குழந்தை பால் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் முழிக்கவில்லை, வலிப்பு
- எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை
- பெரியவர்களுக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த சளி, பேச்சில் குழப்பம்
- மூன்று நாளுக்கு மேல் இறங்காத காய்ச்சல்
- நன்றாகத் தேறி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்து, மறுபடியும் காய்ச்சலும் இருமலும் கூடுவது

கடைசியாகச் சொன்னதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியா அப்படித்தான் வரும். முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது. திடீரென்று பேச்சு தடுமாறுவதும் சாப்பிட மறுப்பதும்தான் அறிகுறி.

தேறும் நாட்கள்

மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே பள்ளிக்கும் வேலைக்கும் போக வேண்டும். காலையில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறோம். லீவு கிடைக்காத வேலையில் வேறு வழி தெரியவில்லை என்பதும் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு நாளில் வகுப்பறையில் எத்தனை வீட்டுக்கு அது போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஃப்ளூவின் அசதி காய்ச்சலோடு போகாது, ஒன்றிரண்டு வாரம் இருக்கும். மாடிப்படி ஏறினால் கால் தளரும். பருப்பு, முட்டை, மீன் என்று சத்தாகச் சாப்பிட்டு, நடையை மெல்லக் கூட்டுங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு முதல் வாரமே ஓட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன இன்ஹேலரைச் சளி போன பிறகும் தொடருங்கள். "பழகிடும்" என்று நிறுத்தியதால்தான் என் மாமனார் இரண்டு முறை அவதிப்பட்டார்.

வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சாதாரணம். ஆனால் நம் நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இது இலவசம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம், மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

மாடி வீட்டு அக்கா இப்போது மகன் வீட்டோடு மதுரையில் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவருடைய பேத்தி எனக்குத் தொலைபேசியில் பேசினாள். கைக்குழந்தைக்குச் சளி, அவள் இருப்பது பெங்களூரில். "அத்தை, காய்ச்சல் 101 இருக்கு, என்ன பண்ணட்டும்?" என்றாள். "சட்டையைத் தூக்கி வயித்தைப் பாரும்மா. போனைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் எண்ணிட்டு வந்து சொல்லு" என்றேன். போனைப் பிடித்தபடி காத்திருந்தேன். திரும்ப வந்து, "நாப்பத்திரெண்டு அத்தை, குழந்தைக்கு ஏழு மாசம்" என்றாள்.

"ஐம்பதுக்குக் கீழதான். பால் குடு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எண்ணு."